ஆறு கயிறும் ஆறு கார்டும்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். எங்கள் ஹாலில் வாசலிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமானால் ஒரு கட்டிலின் மேல் ஏறி இறங்கி, பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். அதைத் தவிர மற்றபடி சௌக்கியம்தான். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் தங்கள் முதுகு நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். மகள் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஓர் அறையைக் கொடுத்துவிட்டு, இன்னோர் அறையைச் சம்பந்தி அம்மாளுக்கும் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கும் கொடுத்துவிட்டு, தாங்கள் கீழே கண்ணாடிக் கடையில், கண் பார்க்கிற நாற்காலியைச் சாய்த்துப் போட்டுத் தூங்குகிறீர்களாம். காலையில் கண் விழித்தால் எதிரே அந்த எழுத்துப் பலகைதானாம். ஒரு வார்த்தை முனகியதில்லையாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, ஏனென்றால் அந்த நாற்காலியில் தாங்கள் படுத்திருப்பதற்கு முழுக் காரணம் நான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசும்போது நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். கடிதத்தில் அந்த ஆபத்து குறைவு, எழுத எழுத கை வலிக்கும்.

கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். "பிள்ளைங்க வீடு வாங்கும்போது பேங்க்ல ஜாமீன் கேட்பாங்க, அதை நான் போட்டுடறேன் சம்பந்தி" என்று தாங்கள் நல்ல மனதோடு சொன்னீர்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். "ஜாமீன் கையெழுத்து பெண்ணைப் பெத்தவன் உரிமை. என் கையெழுத்தை நம்பி இந்த ஊரே மேலேயும் கீழேயும் போய் வந்துட்டிருக்கு!" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன், அதனால் அது பொய்யும் இல்லை. இந்த ஊரில் எந்த லிஃப்டில் ஏறினாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் இருக்கும், அதன் அடியில் வால் நீண்ட ஒரு கையெழுத்து இருக்கும், அது என்னுடையது. பந்தியில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

மாப்பிள்ளையும் மகளும் பார்த்த ஃப்ளாட் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நான்காவது மாடி, காற்று வரும், தங்களுக்கென்று ஒரு தனி அறை வரும். லிஃப்ட் அறைக்கு மேலே ஏறி மோட்டாரையே பார்த்துவிட்டு வந்தேன். பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். ஏழாவது மாடியில் கடன் பிரிவு. அங்கே லிஃப்டில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தேன். என் கையெழுத்துதான், ஆனால் நான் ஓய்வுபெற்ற வருஷத்தோடு அதன் காலம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. காவலாளியிடம் சொன்னேன். "எல்லாரும் இதுலதான் சார் போறாங்க" என்றார். என் கையெழுத்தையே நம்பாமல் நான் படியேறிப் போனேன்.

கடன் பிரிவு அதிகாரி ஒரு பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம், மரியாதையான பெண். என் விவரத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். "சார், நீங்க இல்லை" என்றாள். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "அப்படி இல்ல சார். உங்களுக்கு ஸ்கோர் மோசமா இருந்தா மோசம்னு வரும். நல்லா இருந்தா நல்லதுன்னு வரும். உங்களுக்கு எதுவுமே வரலை. நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கினதில்லையா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, யாரிடமும் கை நீட்டியதில்லை என்றேன். வாழ்நாள் முழுக்க இந்த வாக்கியத்தைச் சொன்னபோதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். அந்தப் பெண் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வாங்கினாத்தானே சார் திருப்பிக் குடுப்பீங்களா மாட்டீங்களான்னு தெரியும்?" என்றாள். ஊரே மேலேயும் கீழேயும் போய் வருகிற விஷயத்தை அவளிடமும் எடுத்துச் சொன்னேன். "அது வேற கையெழுத்து சார்" என்றாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை.

ஆனால் வழியும் அவளே சொன்னாள். ஒரே ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள், காய்கறி, பெட்ரோல் என்று சின்னச் சின்னதாக வாங்குங்கள், மாதா மாதம் பில் வந்தவுடன் முழுசாகக் கட்டிவிடுங்கள், சில மாதம் கழித்து வாருங்கள் என்றாள். அப்படியே செய்தேன். கத்தரிக்காய் வாங்கக்கூட கார்டைத்தான் நீட்டினேன். காய்கறிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். சில மாதம் கழித்துப் போனபோது அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டீங்க சார்!" என்றாள். சம்பந்தி, அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயதுக்கு மேல் நான் இருக்கிறேன் என்று ஒரு கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது. "இன்னும் ரெண்டே மாசம் இப்படியே சும்மா இருங்க. அப்புறம் வந்து கையெழுத்துப் போட்டுடலாம்" என்று சொல்லி அனுப்பினாள். ஃப்ளாட் கட்டுபவரும் அதுவரை காத்திருக்கச் சம்மதித்தார்.

சும்மா இருங்கள் என்று சொன்னாள் பாருங்கள், அதுதான் என்னால் முடியாமல் போனது.

ஒரு கார்டுக்கே இவ்வளவு மரியாதை என்றால், எத்தனை கார்டு வைத்துக்கொண்டால் ஸ்கோர் அசைக்க முடியாதபடி நிற்கும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலு பேரைக் கேட்போம் என்று கிளம்பி இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் என் மைத்துனர். "எதுக்கு மாமா வம்பு, ஒண்ணையும் தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அவர் எதற்கும் அதையேதான் சொல்வார். இன்னொருவர் எதிர்வீட்டுக்காரர். எந்தக் கடையில் எதற்கு எவ்வளவு குறைக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி என்பதால் தெருவில் அவருக்குத் தள்ளுபடி என்றே பெயர். கார்டுகள் அடைத்த பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே உட்காருவதால் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருப்பார். "எத்தனை கிடைக்குதோ அத்தனை வாங்குங்க சார், குடுக்கறவன் குடுக்கறான்" என்றார். ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் கணக்கே வேண்டாம் என்கிறார். இரண்டிலும் ஒரு முறை இல்லை. நான் முறையாக வேலை பார்த்தவன். அதனால் எனக்குத் தெரிந்த தொழிலை வைத்து நானே கணக்குப் போட்டேன்.

ஒரு லிஃப்ட் கூண்டை ஒரே ஒரு இரும்புக் கயிறு தாங்கும். ஆனாலும் நாங்கள் ஒன்றோடு விடுவதில்லை. நாலு போடுவோம், ஆறு போடுவோம். ஒன்றில் ஒரு நூல் பிரிந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். என் மகளின் வீடு முழுக்க ஒற்றைக் கார்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே கிளம்பிப் பெரிய அங்காடிக்குப் போனேன். அதன் வாசலில் மேசை போட்டு, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் "சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிடுவார்கள் அல்லவா? எல்லோரும் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள். நான் நேராகப் போய் வரிசையாக ஐந்து மேசையிலும் உட்கார்ந்து ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது மேசைக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஐந்து கார்டும் வந்து சேர்ந்தன, ஒவ்வொன்றோடும் இலவசமாக ஒரு பயணப்பை. நாங்கள் எங்கேயும் பயணம் போவதில்லை. பழையதோடு சேர்த்து ஆறு. ஆறு கயிறு, ஆறு கார்டு.

இந்தக் கணக்கை அன்று சாயங்காலமே தங்களுக்குப் போனில் விளக்கினேன். "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டீர்கள். நடுவில் பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அடுத்தது லோடு டெஸ்ட். புதுக் கயிறு மாட்டினால் அப்படியே ஜனங்களை ஏற்றிவிட மாட்டோம். கூண்டுக்குள் இரும்புக் கட்டிகளை அடுக்கி, தாங்கும் என்று எழுதியிருக்கிற எடை முழுவதையும், அதற்கு மேலும் கால் பங்கையும் ஏற்றிப் பார்ப்போம். கார்டை மட்டும் பார்க்காமல் விடலாமா? பத்து ரூபாய் கத்தரிக்காயைத் தாங்குகிற கார்டு நாளைக்கு ஆபத்துக்குத் தாங்கும் என்று என்ன நிச்சயம்? அதனால் ஒவ்வொரு புதுக் கார்டிலும் அதன் எல்லை வரைக்கும் வாங்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீணாகவும் வாங்கவில்லை. எப்படியும் ஃப்ளாட்டுக்கு வேண்டியவைதானே என்று ஒரு கார்டில் பிரிட்ஜ், ஒன்றில் வாஷிங் மெஷின், ஒன்றில் பீரோ, ஒன்றில் சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும், ஐந்தாவதில் தங்கள் முதுகை நினைத்து நல்ல உறுதியான மெத்தையோடு ஒரு கட்டில். கட்டில் வாங்கியபோது எல்லைக்கு மேல் கால் பங்கும் ஏற்றிப் பார்ப்போம் என்று இரண்டு தலையணையும் ஒரு ஸ்டாண்டு விளக்கும் சேர்த்தேன். மெஷின் கூவி, கார்டைத் திருப்பித் தள்ளிவிட்டது. கடைக்காரர் சங்கடத்தோடு, "சார், இது போகாது" என்றார். "போகக் கூடாதுங்க. பிரேக் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். வந்த பொருள்களை எல்லாம் பிரித்து, தட்டிப் பார்த்து, ஹாலில் அடுக்கினேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "என்னங்க, வீடு வாங்கப் போறோமா, இல்ல கடை வைக்கப் போறோமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து வீட்டுக்குள் பின் வாசல் வழியாக வருகிறாள்.

லோடு டெஸ்ட் வெற்றி என்று தங்களுக்கு மறுபடியும் போன் செய்தேன். அப்போதும் பென்சில் சத்தம் கேட்டது. பெரிய குறுக்கெழுத்து போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாவதாக ஒன்று செய்தேன், அதைத்தான் எழுதவே கை கூசுகிறது. ஒரு லிஃப்டில் மாட்டுகிற கயிறுகள் எல்லாம் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பான விதி. பழசு ஒன்று, புதுசு ஐந்து என்று கலந்து மாட்டினால் பழசு தளர்ந்து நிற்கும், பாரம் ஒரே சீராக விழாது, மொத்தமும் கெட்டுப்போகும். என் ஆறு கார்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐந்து ஒரே வயது. முதல் கார்டு, அந்தக் கத்தரிக்காய்க் கார்டு, மட்டும் மூத்தது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் நான் தாட்சண்யம் பார்ப்பதில்லை. போன் பண்ணி அதை மூடச் சொல்லிவிட்டேன். "நிச்சயமாவா சார்?" என்று அங்கே இருந்தவர் மூன்று முறை கேட்டார். "வயசு ஒத்துப்போகலைங்க" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. இதையும் தங்களுக்குச் சொன்னேன். "ஆஹா" என்றீர்கள். பென்சில் ஒடிந்து, வேறொன்று எடுத்துவந்தீர்கள்.

குறித்த நாளில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, நல்ல பேனாவும் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட பேங்குக்குப் போனேன். வழக்கம்போலப் படியேறினேன். ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யார் என்கிறீர்கள்? கடன் பிரிவுப் பெண்ணேதான், தனியாக. மெக்கானிக்குக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார் என்று காவலாளி கீழேயிருந்து கத்தினார். நான் ஆறாவது மாடிக்கு ஏறி, லிஃப்ட் கதவு இடுக்கில் வாயை வைத்து, நான்தானம்மா என்றேன். குரலை அடையாளம் கண்டுகொண்டாள். அழுகிற குரலில், "சார், இது அறுந்துடுமா?" என்றாள். "அறுந்துடாதும்மா. ஆறு கயிறு இருக்கு. அஞ்சு போனாலும் ஒண்ணு உன்னைத் தாங்கும். அதுவும் போனா பக்கத்துல பிடிச்சுக்க ஒரு பிரேக் இருக்கு. நீ கதவை மட்டும் திறக்கப் பார்க்காதே, தரையில உட்காந்துக்கோ" என்றேன். "நிஜமாவா?" "நானே மாட்டிப் பார்த்த கயிறும்மா." கொஞ்சம் அமைதியானாள். மூச்சு சீரானது கதவுக்கு வெளியே கேட்டது. பல வருஷம் கழித்து என் வார்த்தை ஒருவருக்குப் பயன்பட்டது என்று எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பயம் வராது என்று அவளே ஆரம்பித்தாள். "சார், காலையிலதான் உங்க ஸ்கோரை எடுத்துப் பார்த்தேன். உங்களைக் கேட்கணும்னு இருந்தேன். என்ன பண்ணீங்க?" நான் சந்தோஷமாக, கயிற்றுக் கணக்கு, லோடு டெஸ்ட், ஒரே வயது மூன்றையும் ஒன்றுவிடாமல் கதவு இடுக்கு வழியாகச் சொன்னேன். உள்ளே சத்தமே இல்லை. மயக்கம் போட்டுவிட்டாளோ என்று பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். "இருக்கேன் சார்" என்றாள். பிறகு மெதுவாக, எனக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "சார், ஒரே நாள்ல அஞ்சு இடத்துல கார்டு கேட்டா எங்களுக்கு என்ன தோணும்? இவருக்கு என்னமோ அவசரம்னுதானே தோணும். அஞ்சுலயும் கடைசிப் பைசா வரைக்கும் வாங்கினா, கையில காசே இல்ல போலிருக்குன்னு நினைப்போம். உங்களை நல்லாத் தெரிஞ்ச கார்டு அந்தப் பழசு ஒண்ணுதான், அதையும் மூடிட்டீங்க. இப்ப உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல ஆளே இல்ல சார்." நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "அப்படின்னா எத்தனைதாம்மா வெச்சுக்கணும்?" என்றேன். "ஒண்ணு போதும், ரெண்டு இருந்தாலும் தப்பில்ல. எத்தனைங்கறது பெரிய விஷயமே இல்ல சார். கொஞ்சமா வாங்கணும், சொன்ன தேதிக்குள்ள முழுசாக் கட்டணும், பழசை விடக் கூடாது. கார்டு கயிறு இல்ல சார்" என்றாள். "இதைச் சரிபண்ண முடியாதாம்மா?" "முடியும் சார். எல்லாத்தையும் கட்டிட்டு ஆறு மாசம் சும்மா இருந்தா வந்துடும்" என்றாள். ஃப்ளாட்காரர் இந்த மாசக் கடைசிக்கு மேல் காத்திருக்க மாட்டார் என்றேன். அவள் உள்ளே தரையில், நான் வெளியே படியில், இரண்டு பேரும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தோம். கடைசியில், "பயப்படாதீங்க சார்" என்று அவள் எனக்குச் சொன்னாள்.

மெக்கானிக் வந்து அவளை இறக்கினார். அவள் எனக்கு நன்றி சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, படி வரைக்கும் வந்து வழியனுப்பினாள். ஜாமீன் மட்டும் கிடையாது என்றாள். கடைக்காரர்களிடம் போய்ச் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். பிரித்துத் தட்டிப் பார்த்ததை எடுக்க மாட்டார்களாம். ஆக, வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்கி, அதனாலேயே வீட்டை வாங்க முடியாமல் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மகளிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லப்பா" என்றாள். சம்பந்தி, அவள் திட்டியிருந்தால் தேவலை.

அதனால் இப்போது கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். பந்தியில் நான் எழுந்து நின்று பேசியதை மறந்துவிடுங்கள். ஜாமீன் கையெழுத்தைத் தாங்களே போட்டுவிடுங்கள். தங்களிடம் இருப்பது ஒரே ஒரு கார்டு. கண்ணாடிக் கடை திறந்த வருஷத்திலிருந்து அதே கணக்கு, ஒரு மாதம் தவறியதில்லை என்று சம்பந்தி அம்மாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் மொழியில் சொன்னால், தங்களை நன்றாகத் தெரிந்த கார்டு. அதற்கு முன்னால் என் ஆறும் தூசு. போனில் நான் உளறியதைத் தாங்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பீர்கள், தங்கள் நிதானம் எனக்குத் தெரியும். இந்த மாசக் கடைசிக்குள் தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளுக்கு வீடு, தங்களுக்கு ஒரு தனி அறை, அந்த அறைக்கு என் ஹாலில் கட்டில் தயாராக இருக்கிறது. இனி நான் உயிரோடு இருக்கும்வரை கடன் விஷயத்தில் யாருக்கும் யோசனை சொல்வதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். அவர்கள் நீடூழி வாழ வேண்டும், முடிந்தால் நான்காவது மாடியில். தங்கள் முதுகு குணமாக வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க மாமாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று தங்களைப் பற்றிக் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். "கடை வாசல்ல வண்டி நிக்குது. பிரிட்ஜ் இறக்கறாங்க. வாஷிங் மெஷினைக் கண் பார்க்கிற நாற்காலி மேல வெச்சிருக்காங்க, வேற இடமே இல்ல. ஒரு கட்டில் சுவர்ல சாஞ்சு நிக்குது, பிரிச்சுப் போட முடியலை. மாமா கையில ஒரு தாளை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் அடிக்கறார். என்னன்னு கேட்டா, சம்பந்தி சொன்ன லோடு டெஸ்ட், அவர் தொழில் தெரிஞ்சவர், நீ சும்மா இரும்மாங்கறார். நம்ம பக்கத்துலயும் உறுதியா இருக்கட்டும்னு அஞ்சு கார்டு வாங்கினாராம்." "அந்தப் பழைய கார்டு?" என்றேன். "அதை முந்தாநாளே மூடிட்டாராம்பா. வயசு ஒத்துப்போகலையாம்."

சம்பந்தி, மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம் என்றால் தாள் தீர்ந்துவிட்டது. ஆகவே ஜாமீன் பற்றிய பகுதியைத் தாங்கள் படிக்க வேண்டாம். முதுகைப் பற்றி எழுதியது மட்டும் நிற்கட்டும், நாற்காலியும் போய்விட்டதால் இன்று முதல் அது இன்னும் பொருந்தும். நம் பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு பிரிட்ஜ், இரண்டு வாஷிங் மெஷின், இரண்டு கட்டில் இருக்கின்றன. வீடுதான் இல்லை. மகள் கோபப்படவில்லை, முதலில் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "நாங்க ஆறு மாசம் காத்திருக்கோம்பா. வேற ஃப்ளாட் பார்த்துக்கறோம். அதுவரைக்கும் நீங்களும் மாமாவும் எதையும் வாங்காம, எதையும் மூடாம, ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்காம சும்மா இருந்தா போதும். முடியுமா?" முடியும் என்று சொல்லியிருக்கிறேன். தாங்களும் கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

"பாவம், அந்த நல்ல மனுஷனுக்கு யாருங்க இந்த யோசனை சொன்னது?" என்று என் மனைவி பீரோவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறாள். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டபடியால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.